டிக்கியில் இருப்பவர்

ஸ்டெப்னியைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல இந்த நாட்டில் ஆளே கிடையாது. மைலேஜைப் பற்றி டீக்கடையில் அரை மணி நேரம் பேசுகிறவர்கள் உண்டு. சன்ரூஃபுக்காகவே கார் வாங்கி, அது வழியாகப் பிள்ளைகளின் தலையை வெயிலுக்குக் காட்டுகிறவர்கள் உண்டு. டிக்கிக்குள் முகம் தெரியாமல் படுத்துக்கிடக்கும் ஐந்தாவது டயருக்காக வண்டி வாங்கியவன், எனக்குத் தெரிந்து கோயம்புத்தூரில் நான் ஒருவன்தான்.

வண்டி, டஸ்டர். நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகிற ஆல் வீல் டிரைவ் ரகம். ஒரகடத்தில் பிறந்தது. 2012இல் டஸ்டர் வந்தது, 2014இல் இந்த ரகம் வந்தது, 2022இல் அந்தத் தலைமுறையே நின்றது. நான் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மற்ற டஸ்டர்களில் ஸ்டெப்னி வெளியே, வண்டியின் வயிற்றுக்கு அடியில் தொங்கும். ஆல் வீல் டிரைவில் பின்சக்கரத்துக்கும் இழுவை போக வேண்டும் அல்லவா? அதற்கான டிஃபரன்ஷியலும், தனித்தனி சஸ்பென்ஷனும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. வெளியே இருந்தவர் உள்ளே குடிவந்துவிட்டார். 475 லிட்டர் டிக்கி 410 லிட்டர் ஆனது.

65 லிட்டர் என்பது கம்பெனிக்காரர்களின் காகிதத்தில் ஓர் எண். எங்கள் வீட்டில் அது ஓர் அண்டா.

மாமியாருடைய பித்தளை அண்டா அது. வருஷா வருஷம் காங்கேயம் பக்கம் குலதெய்வம் கோயிலில் கெடா வெட்டுக்கு அது வந்தாக வேண்டும். பழைய காரில் கனகச்சிதமாக உட்கார்ந்து வந்தது. புது வண்டியின் டிக்கியை அவர் திறக்கச் சொல்லி, முழம் போட்டுப் பார்த்து, “நிக்காதுங்க மாப்ள” என்றார். அடியில் டயர் இருப்பதால் தளம் மேடாகிவிட்டது என்று விளக்கினேன்.

“அந்த டயரு எப்ப வேணும்ங்க?”

“பஞ்சர் ஆனா வேணும்ங்க அத்தை.”

“எப்ப பஞ்சர் ஆகும்?”

இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவன் ஸ்டெப்னி எதற்கு வைத்துக்கொள்கிறான்? அண்டாவைக் கோயிலிலேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், டயரை நடுக்காட்டில் யார் வாடகைக்குக் கொடுப்பார் என்று மனைவியிடம் வாதாடினேன். “ஊரான் அண்டால சாமிக்குப் பொங்கறதா?” என்ற ஒரே கேள்வியில் வாதம் முடிந்தது. அண்டா இப்போது மேலே ரூஃப் ரெயிலில் கவிழ்த்துக் கட்டப்பட்டுப் பயணம் செய்கிறது. அறுபதைத் தாண்டினால் ஊளையிடும். எங்கள் வண்டி வருவது பெருந்துறை ரோட்டில் எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும்.

மச்சினன் சமாதானத்துக்கு வந்தான். “ஒல்லியா ஒரு ஸ்டெப்னி வருதுங்க மாமா. அத வாங்கிப் போட்டுட்டு, இந்தப் பெருச வித்துருங்க. 80க்கு மேல ஓட்டக் கூடாது, அவ்வளவுதான்.” நல்ல பையன், வங்கியில் வேலை. அவனுக்குப் புரியும்படி நான் பேச ஆரம்பித்தபோது இரவு எட்டு மணி. அவன் கிளம்பும்போது மணி பத்தேகால்.

விஷயம் இதுதான். நேர்ச்சாலையில் நான்கு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும் என்று நம்பித்தான் ஆல் வீல் டிரைவ் வேலை செய்கிறது. ஒரு சக்கரம் குள்ளமாக இருந்தால், அதே தூரத்தைக் கடக்க அது கூடுதலாகச் சுற்ற வேண்டும். இடம் வலம் வித்தியாசத்தை டிஃபரன்ஷியல் பொறுத்துக்கொள்ளும். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு கிளட்ச் உட்கார்ந்திருக்கிறதே, அதற்கு அந்தப் பொறுமை கிடையாது. முன்பக்கம் ஒரு வேகம், பின்பக்கம் ஒரு வேகம் என்றால், “ஐயோ, சக்கரம் வழுக்குகிறது” என்று பதறிப்போய்ப் பிடிக்கப் பார்க்கும். எங்கும் எதுவும் வழுக்கவில்லை. சூடுதான் மிச்சம்.

அமெரிக்காவில் அநேகமாக எல்லா வண்டியையும் ஆல் வீல் டிரைவாகவே விற்கும் சுபாரு கம்பெனி, நான்கு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள் ஒத்துப்போக வேண்டும் என்று சொல்கிறது. சுற்றளவில் கால் அங்குலம் என்றால், டயர் தேய்மானத்தில் வெறும் ஒரு மில்லிமீட்டர். புது டயரில் பள்ளத்தின் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர் இருக்கும், 1.6க்குக் கீழே போனால் சட்டப்படி அது டயரே இல்லை. இதற்கு நடுவில் ஒரு மில்லிமீட்டர் பிசகக் கூடாதாம். அதனால் அந்த ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு டயர் மட்டும் போய்விட்டால், புதிதாக ஒன்று வாங்கி, அதை இயந்திரத்தில் கொடுத்துச் சீவி, மற்ற மூன்றின் அளவுக்குக் கிழமாக்கி மாட்டுவார்கள். காசு கொடுத்துப் புதுசு வாங்கி, மேலும் காசு கொடுத்துப் பழசாக்குவது. கேட்டால் சிரிப்பு வரும். மற்ற மூன்றையும் சேர்த்து மாற்றும் பில்லைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

பழைய ஆட்டோமேட்டிக் சுபாருகளில் இன்னொரு ஏற்பாடு. ஒல்லி ஸ்டெப்னியை மாட்டும்போது பானெட்டைத் திறந்து, அதற்கென்றே உள்ள துளையில் ஒரு ஃபியூஸைச் செருக வேண்டும். செருகியதும் வண்டி முன்சக்கர இழுவைக்கு இறங்கிவிடும். மழையில், இருட்டில், கையெல்லாம் கறுப்பாக, ஃபியூஸ் துளை தேடுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒல்லி ஸ்டெப்னியின் குணம் இதில் தெரிந்துவிடும்.

இத்தனையும் கேட்ட மச்சினன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ஒன்று கேட்டான். “அப்ப உங்க பெரிய ஸ்டெப்னி இதுவரைக்கும் ரோட்டையே பாக்காம புத்தம் புதுசா இருக்குதே மாமா, அது மட்டும் மத்த நாலோட எப்படி ஒத்துப் போகும்?”

வங்கியில் வேலை பார்க்கிறவன் என்று சொன்னேனே, சும்மா இல்லை.

அன்று ராத்திரி டார்ச் லைட்டோடு டிக்கிக்குள் இறங்கினேன். ஓடும் நான்கு டயரிலும் பள்ளம் 4 மில்லிமீட்டர்தான் மிச்சம். ஸ்டெப்னியில் 8. என் டயர் 215/65 ஆர்16, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.15 மீட்டர் போகும். நான்கு மில்லிமீட்டர் உயர வித்தியாசம் சுற்றளவில் 25 மில்லிமீட்டர். அப்படியானால் கிலோமீட்டருக்கு ஐந்து சுற்றுக்கு மேல் வித்தியாசம். வால்பாறை இங்கிருந்து நூறு கிலோமீட்டர். போய்ச் சேர்வதற்குள் பழைய டயர்கள் ஸ்டெப்னியைவிட ஐந்நூறு சுற்றுக்கு மேல் அதிகமாகச் சுற்றியிருக்கும். “தூங்குங்க” என்றாள் மனைவி, இருநூறாவது சுற்றில்.

அதைவிடப் பெரிய சங்கதி டயரின் ஓரத்தில் இருந்தது. டயருக்குப் பிறந்த தேதி உண்டு, நான்கு இலக்கம். 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும்; பத்து வருஷம் ஆன டயரை, பள்ளம் எவ்வளவு இருந்தாலும் நம்பக் கூடாது என்பார்கள். வேலை செய்யாமலே ரிட்டயர் ஆகும் உத்தியோகம் அரசாங்கத்தில் மட்டும்தான் உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆக, முழு அளவு ஸ்டெப்னி இருந்தால் மட்டும் போதாது, அதுவும் மற்ற நான்கோடு வெளியே வந்து உழைக்க வேண்டும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை டயர்களை இடம் மாற்றும்போது ஐந்தையும் சுற்றில் விட வேண்டும். ஒன்று இறங்கி டிக்கிக்குப் போகும், டிக்கியில் இருந்தவர் ஏறுவார். முதல் தடவை ஐந்தும் புதிதாக இருக்கும்போதே தொடங்கிவிட்டால் ஐந்தும் ஒன்றாகத் தேயும், ஒன்றாக வயதாகும். அடுத்த செட் வாங்கியதும் தொடங்கினேன்.

வீல் அலைன்மென்ட் கடைப் பையனிடம் சொன்னபோது அவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி என்னைப் பார்த்தார். “ஸ்டெப்னிய எதுக்குங்கண்ணா கழட்டறது? அது பாட்டுக்கு இருக்கட்டும்ங்க” என்றார், வீட்டில் வயதானவர்களைத் தொந்தரவு செய்யாதே என்கிற குரலில். இன்னொரு சிக்கலும் இருந்தது. நான்கு சக்கரம் அலாய், ஸ்டெப்னி மட்டும் கறுப்பு இரும்பு ரிம். அது ஏறியதிலிருந்து வண்டியில் எப்போதும் மூன்று வெள்ளி, ஒரு கறுப்பு. எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் ராத்திரி மணியடித்து, “சார், அலாய் வீலு ஒண்ணு திருடு போயிருச்சுங்க” என்றார். அடுத்த ரொட்டேஷனில் கறுப்பு இடம் மாறியதும், திருடன் திருந்தி ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துப்போய்விட்டதாக மூன்றாவது மாடியில் பேச்சு.

வால்பாறைக்கு வருகிறேன். ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஆடி மாத மழை. ஒன்பதாவது வளைவில் வரையாடு நிற்குமா என்று எல்லாரும் எட்டிப் பார்த்தபடி போய், இன்னும் சில வளைவு ஏறியதும் பின்பக்க இடது டயர் ஓரக் கல்லில் உரசிப் பக்கவாட்டில் கிழிந்தது. பக்கவாட்டுக் கிழிசலுக்கு எந்தப் பஞ்சர் கிட்டும் உதவாது. குச்சியும் பசையும் தரையைத் தொடும் பகுதிக்குத்தான். ஸ்டெப்னி ஒன்றே வழி.

ஸ்டெப்னி எங்கே? எல்லாவற்றுக்கும் அடியில். எனவே முதலில் டிக்கி காலியாக வேண்டும். மாமியாரின் தலைகாணி இறங்கியது. முறுக்கு டின், தேங்காயெண்ணெய் கேன், தக்காளிச் சோற்றுப் போசி, மூன்று குடை (ஒன்றும் விரிக்கப்படவில்லை), யாருக்கோ கொடுக்க வேண்டிய சீர்த்தட்டு, எல்லாம் சாலையோரச் சுவரில் வரிசையாக உட்கார்ந்தன. குரங்குகளுக்கு யார் தகவல் சொன்னார்களோ தெரியாது. முறுக்கு டின்னைத் திறக்கும் நுட்பம் எங்கள் வீட்டில் இன்னும் ஒருவருக்கும் கைவரவில்லை. குரங்குகளுக்கு மூன்று விநாடி போதுமாயிருந்தது. மாமியார் குடையால் தலைகாணியைக் காத்தார். நான் சுமார் இருபது கிலோ டயரைத் தூக்கி இறக்கி, ஜாக்கியை முட்டுக்கொடுத்தேன்.

எஸ்டேட் ஜீப் ஒன்று நின்றது. டிரைவர் இறங்கி, ஒரு நட்டைக் கூடத் தொடாமல், முழு வேலையையும் மேற்பார்வை பார்த்தார். பிறகு, “அண்ணா, உங்க வண்டில ஒரு குமிழ் இருக்குமே. டூ வீல்ல திருப்பிட்டா எந்த டயரும் ஓடும். இத்தனை பாடு எதுக்கு?” என்றார். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் 65 லிட்டர் இருந்தது.

அவர் சொன்னது உண்மை. டஸ்டரில் அந்தக் குமிழ் இருக்கிறது. டூ வீலில் வைத்தால் பின்பக்கம் இழுக்காது, கிளட்சுக்கும் சண்டை இல்லை. ஆனால் டயர் எங்கே கிழிகிறது? அவிநாசி ரோட்டின் மேம்பாலத்திலா? கல்லும் சேறும் மழையும் வளைவும் இருக்கிற இடத்தில்தான் கிழிகிறது. எந்த இடத்துக்காக நான்கு சக்கர இழுவை வாங்கினேனோ, அந்த இடத்தில் வந்து நின்றுகொண்டு அதை அணைத்துவிட்டு ஏறு என்றால், நான் பேசாமல் ஆட்டோவிலேயே வந்திருப்பேனே! இதை ஜீப்காரரிடம் விளக்கினேன். பாதியில் மாமியார், “மொதல்ல மாட்டுங்க மாப்ள, அப்பறம் பேசலாம்” என்றார்.

மாட்டினேன். குமிழைத் தொடவில்லை. மீதி வளைவுகள் முழுக்க ஏறினோம். வால்பாறை பஸ் ஸ்டாண்டை நெருங்கும்போது, “வித்தியாசம் ஏதாவது தெரிஞ்சுதா?” என்று மனைவியிடம் கேட்டேன். “ஒண்ணும் தெரியலையே” என்றாள். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள இந்த உலகத்தில் என்னால் மட்டுமே முடியும்.

தொடக்கத்தில் எந்தக் காரிலும் ஸ்டெப்னி கிடையாது. டயர் போனால் நடுரோட்டில் உட்கார்ந்து ரிம்மிலிருந்து பிய்த்து எடுத்து ஒட்ட வேண்டும். 1904இல் வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள்தான், ஆரக்கால் இல்லாத ரிம்மில் காற்றடைத்த டயரை மாட்டி, பழுதான சக்கரத்தின் மேலேயே கவ்விக்கொள்ளும்படி விற்றார்கள். நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து, 2020இல் நம் மத்திய அரசு விதியைத் திருத்தியது: ட்யூப்லெஸ் டயரும், காற்று குறைந்தால் சொல்லும் கருவியும், பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம். காற்று போய்விட்டது என்று கருவி அழகாகச் சொல்லும். ஒன்பதாவது வளைவுக்கு மேலே அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வதாம்?

கிழிந்த டயருக்குத் தனியாகத் துணை தேடுவதில் அர்த்தம் இல்லை, மற்றவையும் தேய்ந்திருந்தன. போன மாதம் டயர் கடைக்குப் போனேன். “அஞ்சு வேணும்” என்றேன்.

“நாலுங்களா?”

“அஞ்சு.”

“அந்த அஞ்சாவது எந்த வண்டிக்குங்க?”

“இதே வண்டிக்குத்தான்.”

அவர் வெளியே நின்ற வண்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தார். மூன்று வெள்ளியையும் ஒரு கறுப்பையும் பார்த்திருப்பார், மேற்கொண்டு கேட்கவில்லை. டயர்கள் வந்தன. நான் குனிந்து ஓரத்து இலக்கங்களைப் படித்தேன். நான்கு ஒரே வாரம். ஐந்தாவது முந்தின வருஷத்துப் பிறப்பு. திருப்பி அனுப்பினேன். பையன் குடோனுக்கும் கடைக்குமாக நடந்து, கடைசியில் அதே வாரத்தில் பிறந்த ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினான். கடைக்காரர் பில் புத்தகத்தைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார்.

“வாரம் ஒத்துப்போச்சுங்க. நட்சத்திரமும் பாக்கோணுங்களா?”