மறுப்பு மாமா

புருசெத் சென்டரின் கோப்பிக் கடையில் நாலு தமிழர் ஒரு மேசையைச் சுற்றி இருந்து, மூன்று பேர் முகம் வாடி ஒருவர் முகம் மட்டும் மலர்ந்திருந்தால், மலர்ந்தவர்தான் மறுப்பு மாமா. ஒஸ்லோவில் தமிழர் இருக்கிற பகுதி எல்லாவற்றிலும் இப்படி ஒருவர் உண்டு என்று சொல்லிப் பாருங்கள். "எல்லாவற்றிலும் எண்டு எப்பிடிச் சொல்லுவீங்கள்? கணக்கெடுத்தனீங்களோ?" என்று கேட்பவரும் அவராகத்தான் இருப்பார்.

மாமா உழைத்தது நோர்வீஜிய மொழியில், மாமியோடு பிணக்குப்படுவது தமிழில். மறுப்பதற்கு மட்டும் ஆங்கிலம். தமிழில் "பிழை" என்றால் சொந்தம் முறியும். நோர்வீஜியத்தில் சொன்னால் பேத்தி உச்சரிப்பைத் திருத்துவாள். ஆங்கிலம்தான் ஆபத்தில்லாத ஆயுதம். அதிலும் தரம் பிரித்து வைத்திருக்கிறார். அடியோடு சாய்த்தால் டிஸ்புரூவ். வாதத்துக்கு எதிர்வாதம் வைத்தால் ரிபட். ஊரே நம்பும் கதையின் வேஷத்தைக் கலைத்தால் டிபங்க். கேள்வியை மட்டும் போட்டுவிட்டுச் சோற்றில் கை வைத்தால் சேலஞ்ச். அமைச்சர் ஒருவர் குற்றச்சாட்டை "ரிஃபியூட்" செய்தார் என்று செய்தி வந்துவிட்டால் மாமாவுக்கு இரத்தம் கொதிக்கும். "ஆதாரம் காட்டினால்தான் தம்பி ரிஃபியூட். வெறும் வாயால் இல்லையெண்டால் அது டினை." பழைய ஆங்கில ஆசிரியர்கள் அவர் பக்கம்தான் நிற்பார்கள்; நானும் நிற்கிறேன், ஆனால் கொஞ்சம் தள்ளி.

இவருக்கு மிகவும் பிடித்தது டிபங்க். மண்டபத்தில் சிறப்பு விருந்தினர் உரையின் மூன்றாம் பக்கத்தைப் புரட்டும் வேளையில்தான் அதன் வரலாற்றைப் பக்கத்துக் கதிரைக்காரரின் காதில் ஓதுவார். 1820இல் அமெரிக்க காங்கிரஸில் வட கரோலினாக்காரர் ஃபீலிக்ஸ் வாக்கர், விவாதத்துக்குச் சம்பந்தமில்லாத உரையை நிறுத்த மறுத்தாராம். தான் பேசுவது தன் பன்கம் கவுண்டிச் சனத்துக்காக என்றாராம். அந்தப் பன்கம் வெற்றுப்பேச்சுக்குப் பெயராகி, பங்க் என்று சுருங்கி, 1923இல் வில்லியம் உட்வர்ட் என்பவரின் நாவலில் டிபங்க் ஆயிற்று. கதை முடியும்போது விருந்தினர் ஐந்தாம் பக்கத்தில் இருப்பார்.

பிறந்தநாள் வீட்டில் பிள்ளைகள் கொம்பு வைத்த வைக்கிங் தொப்பியோடு ஓடித் திரிந்தால் மாமா வழிமறிப்பார். ரிங்கரிக்கே பகுதியில் 1943இல் கிடைத்த யெர்முன்புத் தலைக்கவசம் ஒஸ்லோ வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கொம்பு இல்லை. கொம்பு முளைத்தது 1876இல், வாக்னரின் இசைநாடகத்துக்கு உடை வரைந்த டோப்லரின் கையில். உண்மைதான். ஆனால் கேக் வெட்டுவதற்கு முன்பே கொம்பைக் கழற்றினால் நாலு வயதுப் பிள்ளை அழாமல் என்ன செய்யும்?

யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா எடுத்து, "அங்க ஆறு மாசம் இருட்டாமே?" என்று பரிவோடு கேட்டாலும் விடமாட்டார். ஒஸ்லோவில் மார்கழியிலும் ஆறு மணித்தியாலத்துக்குக் கிட்டப் பகல் உண்டு. சூரியன் எழும்பாத ஊர் துரொம்சோ, அங்கும் இரண்டு மாதம்தான். "83க்குப் பிறகுதான் தமிழர் நோர்வேக்கு வந்தவை" என்று யாராவது வாய் தவறினால், 1956இல் வந்த அந்தோனி இராசேந்திரத்தைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துவார்.

குணம் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணம் மறுப்பு நூல்களாலேயே அச்சகங்களை ஓட்டிய ஊர். நாவலர் 1854இல் மிஷனரிகளுக்கு எதிராகச் சைவதூஷண பரிகாரம் எழுதினார். 1869இல் வள்ளலாரின் பாடல்கள்மேல் போலியருட்பா மறுப்பு வந்தது. சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கையை மறுக்கும் பரபக்கமும் உண்டு, தன் கொள்கையை நிறுவும் சுபக்கமும் உண்டு. மாமாவிடம் இருப்பது பரபக்கம் மட்டும். சுபக்கம் எங்கே என்று கேட்டால், "அது என்ர வேலையில்லை" என்பார்.

போன கோடையில் வந்தது சோதனை. கீரைக்கறியைக் கண்டதும் மாமா தொடங்கினார்: ஜெர்மன் விஞ்ஞானி ஒருவர் தசமப் புள்ளியை இடம் மாற்றி வைத்ததால்தான் பசளிக்கீரையில் இரும்புச்சத்து பத்து மடங்காகிப் பொப்பாய்வரைக்கும் போனது, அதை டிஸ்புரூவ் பண்ணியாச்சு. பேர்கனில் படிக்கும் மருமகள் நிமிர்ந்தாள். "மாமா, அந்தப் புள்ளிக் கதைதான் கட்டுக்கதை. பேர்கன் ஆள் ஓலே பியோர்ன் ரெக்டால் 2014இல் கட்டுரை எழுதியிருக்கிறார். மூலத்தைப் பார்க்காமல் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதினதாம்."

மேசை அமைதியானது. மாமா அப்பளத்தை உடைத்தார். "நான் டிஸ்புரூவ் எண்டே சொன்னனான்? குவெஸ்ச்சன் பண்ணினவை எண்டெல்லோ சொன்னனான்." இன்னும் ஒரு கரண்டி சோற்றுக்குப் பிறகு அது "கான்டெஸ்டட்" ஆனது. பாயசம் வரும்போது "ஓப்பின் குவெஸ்ச்சன்". மற்றவர் நம்பிக்கைக்கு டிஸ்புரூவில் குறைந்து எதுவும் இல்லை, தன்னுடையதற்கு மட்டும் இத்தனை மெத்தை. அன்றுதான் எனக்கு அவர்மேல் அன்பே வந்தது.

விருந்துக்கு அவரைக் கூப்பிட நினைப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: தாராளமாகக் கூப்பிடுங்கள். தொப்பியை ஒளித்து வையுங்கள், உரையைச் சுருக்குங்கள், கீரை மட்டும் வேண்டாம்.