குளூட்டன் அண்ணாச்சி

சர்க்கரை அண்ணாச்சி, பிரஷர் அண்ணாச்சி எல்லாம் செங்கோட்டைக்குப் பழைய சரக்கு. சீனி போடாத காப்பி, உப்புக் குறைந்த ரசம் என்று ஊர் அவர்களுக்குப் பழகிவிட்டது. புதிதாக வந்து சேர்ந்திருப்பவர் குளூட்டன் அண்ணாச்சி. வெளிநாட்டில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவர். போகும்போது நம்மைப் போலப் பரோட்டா தின்கிற மனிதராகத்தான் போனார். அங்கே கடையில் அரிசிப் பாக்கெட்டின் மேல் ‘குளூட்டன் இல்லை’ என்று அச்சடித்திருந்ததைப் பார்த்ததும் அரிசி மேல் அவருக்குத் திடீர் மரியாதை பிறந்துவிட்டது. தென்காசிச் சந்தையில் அதே அரிசி சாக்கில் கிடந்த காலமெல்லாம் அந்த மரியாதை இல்லை.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கிற புரதம். பரோட்டா மாஸ்டர் வீசும்போது மாவு கிழியாமல் விரிகிறதே, அந்த இழுவை அதனால் வருவது. அந்த இழுவைக்குப் பேர்போன இடம் பக்கத்திலேயே இருக்கிற பிரானூர் பார்டர். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதுவரை இங்கே இருந்த மாநில எல்லை புளியரைக்கு அப்பால் போய்விட்டது. ‘பார்டர்’ என்ற பெயர் மட்டும் பரோட்டாக் கடைகளை விட்டுப் போக மனமில்லாமல் இங்கேயே நின்றுவிட்டது. அண்ணாச்சி கோதுமையைத் துறப்பதும் இங்கே உட்கார்ந்துதான். வீட்டில் துறந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்?

“எத்தனை பரோட்டா வைக்கட்டும் அண்ணாச்சி?”

“எனக்குக் குளூட்டன் ஆகாதுலே.”

“சரி அண்ணாச்சி, குளூட்டன் இல்லாமலே போடச் சொல்லுதேன். வெங்காயம் போடலாம்லா?”

அண்ணாச்சி கண்ணை மூடிப் பெருமூச்சு விடுவார். பிறகு கால் மணி நேரம் சிறுகுடலைப் பற்றிப் பாடம் நடக்கும். பக்கத்து மேசைக்காரர் சால்னாவைத் தொடலாமா என்று தயங்குவார். கடைசியில் அண்ணாச்சி இரண்டு முட்டைத் தோசை சொல்லுவார். இப்போதுதான் பரோட்டாவைப் புரட்டி எடுத்த கல்லில் அதே கரண்டியால் அந்தத் தோசை வேகும். அதை அவர் கவனிப்பதில்லை. பாடம் இன்னும் முடியவில்லை.

இட்லி, இடியாப்பம், ஆப்பம், புட்டு, கம்பங்கூழ், கேழ்வரகுக் களி எல்லாம் அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே குளூட்டன் இல்லாமல்தான் இருக்கின்றன. இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் இவர் தனித்தனியாக அனுமதி வழங்கியிருக்கிறார். காலையில் ஆறு இட்லியைச் சாம்பாரில் முக்கி நிம்மதியாகச் சாப்பிடுவார். அந்தச் சாம்பாரில் விழுகிற கூட்டுப் பெருங்காயத்தில் பல கம்பெனிகள் மைதாவோ கோதுமை மாவோ சேர்க்கின்றன. டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அது இருக்கும். அண்ணாச்சி படிப்பது முன்பக்கம் மட்டும்.

அல்வா விஷயத்தில் அவர் கொள்கை இன்னும் நுட்பமானது. நெல்லை அல்வா, சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து செய்வது. கேட்டால், “அது கோதுமை இல்ல வே, கோதுமைப் பாலு” என்பார். இதற்கு மேல் வாதாட எனக்குத் தெம்பில்லை.

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் அண்ணாச்சியைக் குற்றாலத்தில் பார்க்கலாம். ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து மங்குஸ்தான் விற்கிற அம்மாளிடம், “இதுல குளூட்டன் உண்டா?” என்று கேட்பார். “இல்ல அண்ணாச்சி, கொட்டைதான் உண்டு” என்று பதில் வரும். நேந்திரங்காய் சிப்ஸில் காயும் எண்ணெயும் உப்பும் தவிர ஒன்றுமில்லை என்று கேள்விப்பட்டால் அவர் முகம் வாடிவிடும். ஒதுக்குவதற்கு ஏதாவது இருந்தால்தானே மரியாதை!

சாப்பாட்டோடு விட்டால் பரவாயில்லை. குளூட்டன் இல்லாத ஷாம்பு என்று ஒன்றை நாலு மடங்கு விலை கொடுத்து வரவழைத்திருக்கிறார். தலைமுடி வழியாகக் குளூட்டன் குடலுக்குப் போவதில்லை. ஷாம்புவைக் குடிக்கிறவருக்குத்தான் அந்தக் கவலை வேண்டும். சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர் வாளியில் மைதாப் பசையோடு வந்தால் அண்ணாச்சி எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். ராத்திரி படுக்கப்போகுமுன் மதினி ஆற்றிக் கொடுக்கிற மால்ட் பானம் மட்டும் தவறாமல் உள்ளே போகும். அதிலுள்ள மால்ட் முளைகட்டிய பார்லி என்று மதினிக்குத் தெரியும். சொல்லமாட்டார். ராத்திரி நேரத்தில் பாடம் கேட்க அவருக்கென்ன தலையெழுத்தா?

போன கல்யாண சீசனில் ஒரு காட்டேஜில் பையன்கள் பீர் நீட்டினார்கள். “பார்லி, தொடமாட்டேன்” என்று அண்ணாச்சி கையை உயர்த்தியதைப் பார்த்து எனக்கே மரியாதை வந்தது. “அப்போ இது சாராயம் இல்லாத பீரு மாமா” என்று ஒருவன் வேறு டின்னை நீட்ட, இரண்டு டின் காலி. சாராயம் போயிருந்ததே தவிர பார்லி எங்கும் போகவில்லை. வெளியே ரோட்டோரத்தில் நன்னாரி சர்பத்தும் பன்னீர் சோடாவும் இருந்தன. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிப் புளிக்காமல் இறக்கிய பதநீரும் இருந்தது. சாராயமும் இல்லை, பார்லியும் இல்லை, பெரிய விலையும் இல்லை. அதனால்தானோ என்னவோ அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சிரித்தது போதும். சீலியாக் என்று உண்மையாகவே ஒரு நோய் இருக்கிறது. அது இருப்பவர்களுக்குக் குளூட்டன் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உள்சுவரை அரித்துவிடும். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு வடஇந்தியாவில் நூறு பேரில் ஒருவருக்குச் சற்று அதிகமாகவும், தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்கும் அது இருப்பதாகச் சொன்னது. ஆக, தெருவுக்கு நாலு அண்ணாச்சி என்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை. ஆனால் அந்த ஆயிரத்தில் ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டலில் சத்தமே போடமாட்டாள். “சாம்பார் வேண்டாம், வெறுந்தயிர் போதும்” என்பாள். தோசை என்றால் கல்லைக் கழுவித் தருவார்களா என்று தாழ்ந்த குரலில் கேட்பாள். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் ‘குளூட்டன் இல்லை’ என்று அச்சடிக்க நம் நாட்டு விதி விடாது. அவ்வளவு சொற்பமும் அவளுக்குக் கணக்கு. பரிமாறுகிற பையன் சிரிக்கிறான். அவன் மேல் குற்றமில்லை. முந்தின நாள்தான் அண்ணாச்சி வந்து போயிருக்கிறார்.

அண்ணாச்சியும் ஒருவழியாக டாக்டரிடம் போனார். கோதுமையை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனை செய்தால் நோய் இருந்தாலும் தெரியாமல் போகலாம், ஆறு வாரமாவது தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே பார்டரில் ஆளைப் பார்த்தேன். மருந்து என்ற முறையில் ஆறாவது பரோட்டா போய்க்கொண்டிருந்தது.

சந்தேகம் உள்ளவர்கள் முதலில் பரிசோதனை செய்யுங்கள், கோதுமையை நிறுத்துவது அப்புறம். ஓட்டல் தம்பிமாரே, அடுத்த தடவை யாராவது தாழ்ந்த குரலில் பெருங்காயத்தைப் பற்றிக் கேட்டால், சிரிக்காமல் டப்பாவைத் திருப்பிப் படித்துப் பதில் சொல்லுங்கள்.