ஆயாம்மா ஊதியவியல்: ஓர் அறிமுகம்

பேறுகால விடுப்பை 26 வாரமாக நீட்டிய சட்டத் திருத்தம் 2017-இல் வந்தது. நம் துறை 27-ஆவது வாரத்தில் பிறக்கிறது. அந்த வாரத்துத் திங்கட்கிழமை காலையில், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய அடுக்ககங்களில், பொருளியல் அறிஞர் எவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பார்த்திராத ஒரு சந்தை கூடுகிறது. ஒரு பக்கம் லேப்டாப் பையை மாட்டிய தாய். எதிரில் பெரும்பாக்கத்திலிருந்தோ கண்ணகி நகரிலிருந்தோ பஸ் ஏறி வந்த பெண்மணி. நடுவே, பேரத்துக்கு உரிய பொருள், டிவி ரிமோட்டைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

கைக்குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மாவுக்கு மாதம் எவ்வளவு கொடுத்தால் நியாயம் என்பதே இவ்வாய்வின் வினா. தங்கி வேலை செய்பவர்கள் இதில் அடங்கார். ஏஜென்சி மூலம் வருபவர்களும் அடங்கார். அந்தக் கமிஷனை விளக்கத் தனி நூல் வேண்டும், வக்கீலும் வேண்டும். தரவுகள் பெரும்பாலும் லிஃப்டில் ஒட்டுக்கேட்டல் முறையில் திரட்டப்பட்டவை. பன்னிரண்டாம் மாடியிலிருந்து தரைத்தளம் வருவதற்குள் ஒரு குடும்பத்தின் வரவு செலவு முழுவதும் தெரிந்துவிடுவதால், இதைவிட நம்பகமான முறை இருப்பதாக இவ்வாய்வாளருக்குத் தோன்றவில்லை.

முன்னோர் சொன்னதை முதலில் பார்த்துவிடலாம். சாணக்கியரின் அர்த்தசாஸ்திரத்தில், ஐந்தாம் அதிகரணத்தில் அரண்மனைச் சம்பளப் பட்டியல் ஒன்று உண்டு. அதன் உச்சியில் 48,000 பணம் பெறுபவர்கள்: மந்திரி, புரோகிதர், சேனாதிபதி, இளவரசர், இவர்களோடு அரசனின் தாய். பட்டியலின் அடியில் 60 பணம் பெறுபவர்கள். நாற்கால் உயிர்களையும் இருகால் உயிர்களையும் பராமரிக்கும் பணியாட்கள் அந்த வரிசையில் வருகிறார்கள். இருகால் உயிர் என்றால் பறவையா, மனிதரா என்ற வழக்கை வடமொழிப் புலவர்களுக்கு விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது வேறு. குழந்தை எட்டாம் மாதத்தில் நாற்கால் உயிர். ஓராண்டு நிறைந்ததும் இருகால் உயிர். சாணக்கியர் இரண்டு கட்டத்துக்கும் சேர்த்தே யோசித்து வைத்திருக்கிறார், இரண்டுக்கும் அதே அறுபதுதான். ஆகத் தாய்க்கும், தாயின் வேலையைச் செய்பவருக்கும் இடையே 800 மடங்கு. இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைக்க இன்றைய மனிதவளத் துறை எதற்கும் தைரியம் வராது.

அடுத்து ஆடம் ஸ்மித். 1776-இல் வெளிவந்த நூலில், ஒரு வேலைக்கும் இன்னொரு வேலைக்கும் கூலி ஏன் வேறுபடுகிறது என்பதற்கு அவர் ஐந்து காரணம் சொல்கிறார். வேலை இனியதா கடினமா, கற்கச் செலவு எவ்வளவு, நிரந்தரமா இல்லையா, எவ்வளவு நம்பி ஒப்படைக்கிறோம், அதில் தேறும் வாய்ப்பு எவ்வளவு. நான்காவதில்தான் நம் ஆய்வு நிற்கிறது. பொற்கொல்லருக்கும் நகை வேலை செய்பவருக்கும் கூலி அதிகம், ஏனென்றால் அவர்கள் கையில் கொடுப்பது விலை உயர்ந்த பொருள் என்கிறார் ஸ்மித். சரி, நடைமுறையைப் பார்ப்போம். அறுந்த சங்கிலியைப் பற்றவைக்கக் கொடுத்தால் முதலில் எடை போடச் சொல்வோம். ரசீது வாங்குவோம். பிறகும் நம்பாமல் பட்டறை வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஊதுகுழலிலிருந்து கண்ணை எடுக்காமல் இருப்போம். குழந்தையை எடை போடாமல், ரசீது இல்லாமல் ஒப்படைத்துவிட்டு எட்டே முக்கால் கேபைப் பிடிக்க ஓடுகிறோம். இதிலிருந்து இரண்டில் ஒன்று பெறப்படும்: குழந்தை தங்கத்தைவிட மலிவு, அல்லது ஆயாம்மா பத்தரைவிட நேர்மையானவர். இரண்டாவதே சரி என்று எல்லாத் தாய்மாரும் ஒப்புக்கொள்கிறார்கள். சம்பளம் மட்டும் முதலாவதின்படி போடப்படுகிறது.

1966-இல் பாமோல், போவன் என்ற இரு பொருளியலாளர்கள் கலை நிகழ்ச்சிகளின் கணக்கை ஆராய்ந்து ஒரு சிக்கலைக் கண்டார்கள். தொழிற்சாலையில் ஒரு ஆள் செய்யும் வேலை ஆண்டுக்கு ஆண்டு பெருகும். நான்கு பேர் வாசிக்க வேண்டிய இசையை நூறு ஆண்டு கழித்தும் நான்கு பேர்தான், அதே நேரம்தான் வாசிக்க வேண்டும். குழந்தை வளர்ப்பு இந்த வகையைச் சேர்ந்தது. பல்லவர் காலத்துப் பிள்ளை தூங்க எடுத்த நேரத்தைத்தான் பெருங்குடிப் பிள்ளையும் எடுக்கிறது. தோளில் போட்டுத் தட்டும் கைக்கு மேம்படுத்தப்பட்ட பதிப்பு வரவில்லை. போனில் பாட்டுப் போட்டு ஐந்து நிமிடத்தில் சோறூட்டுவது உற்பத்தித்திறன் பெருக்கம் ஆகாதா என்று ஒரு தரப்பு வாதிடுகிறது. தாய்மார்கள் அந்தத் தொழில்நுட்பத்தைத் திங்கள் முதல் சனி வரை கண்டிப்பாகத் தடை செய்திருக்கிறார்கள். ஞாயிறு விலக்கு; அன்று ஊட்டுவது அவர்கள்.

பணமே வேண்டாம், முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று வாஷிங்டனின் கேபிட்டல் ஹில் பகுதியில் சுமார் 150 தம்பதிகள் ஒரு கூட்டுறவு நடத்தினார்கள். அரை மணி நேரத்துக்கு ஒரு கூப்பன். பிறர் பிள்ளையைப் பார்த்தால் கூப்பன் வரும், தன் பிள்ளையை விட்டுச் சென்றால் கூப்பன் போகும். பின்னாளில் அவசரத்துக்கு உதவும் என்று எல்லோரும் கூப்பனைச் சேர்த்துவைக்கத் தொடங்க, வெளியே போவோர் குறைந்தனர். வெளியே போவோர் இல்லாததால் சம்பாதிக்கவும் வழியில்லை. பிள்ளைகளும் இருந்தார்கள், பார்த்துக்கொள்ள ஆட்களும் இருந்தார்கள், ஆனாலும் மந்தநிலை. கூடுதல் கூப்பன் அச்சிட்ட பிறகே நிலைமை சீரானது. அந்தக் கூட்டுறவில் உறுப்பினராக இருந்த ஸ்வீனி தம்பதியர் 1977-இல் இதை எழுத, பால் குருக்மன் அதை உலகறியச் செய்தார். நம் ஊரில் இச்சோதனையைத் திரும்பச் செய்ய இயலாது. இங்கே எதிர்வீட்டு மாமி ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், பதிலுக்குத் தர வேண்டியது அரை மணி கூப்பன் இரண்டு என்று யாரும் எழுதிவைப்பதில்லை. எழுதிவைக்காத கடனுக்கு வட்டி அதிகம். மாமியின் மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது நாம் விமான நிலையத்துக்குக் கார் ஓட்டுவோம், நள்ளிரவில்.

இனிக் களத்துக்கு வருவோம். பேரம் பெரும்பாலும் ஹாலில் நடக்கிறது. வந்தவரை உட்காரச் சொல்கிறார்கள். சோபாவா தரையா என்பதில் இரு தரப்பும் அரை நிமிடம் தடுமாறி, கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலி வருகிறது.

"எவ்ளோ எதிர்பாக்கறீங்க அக்கா?"

"நீங்களே சொல்லுங்க மேடம்."

"இல்ல, நீங்க சொன்னாத்தானே..."

"போன வீட்ல பதினாலு குடுத்தாங்க. அங்க பையன் பெரியவன், ரெண்டு வயசு. இது கைக்கொழந்த. நீங்களா பாத்துப் போட்டுக் குடுங்க."

இந்த நேரத்தில் குழந்தை உருண்டு போய் அவர் புடவை நுனியைப் பிடித்துக்கொள்கிறது. பேரம் அங்கேயே முடிந்தது. பேரத்துக்கு உரிய பொருளே எதிர்க்கட்சிக்கு மாறிவிட்ட வேறொரு சந்தையை இவ்வாய்வாளர் அறியார். கணவர் இதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து, "பன்னெண்டுக்குப் பேசு" என்று ஆங்கிலத்தில் சொல்கிறார். ஆயாம்மாவுக்கு அந்த எண் புரியாது என்பது அவர் நம்பிக்கை.

கணவரின் இந்த ஒற்றை வாக்கியத்தில்தான் இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு பொதிந்திருக்கிறது: பேச வேண்டியவர் தாய், கொடுக்க வேண்டியவரும் தாய். ஆயாம்மாவின் சம்பளம் வேலையைப் பார்த்து முடிவாவதில்லை, தாயின் சம்பளத்தைப் பார்த்து முடிவாகிறது. தாய்க்கு மாதம் 55,000, தந்தைக்கு 80,000 என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கடன் இருவர் சம்பளத்திலிருந்தும் போகிறது. கார் தவணையும் அப்படியே. ஆயாம்மாவுக்குப் போவது மட்டும் 55,000-இலிருந்து கழிக்கப்படுகிறது. "அவங்களுக்குப் பதினஞ்சு, கேபுக்கு ஆறு, போயிட்டு வந்து உனக்கு என்னதான் மிஞ்சும்?" என்று மாமியார் கேட்கிறார், பெற்ற தாய் கேட்கிறார், சில வேளைகளில் தாய் தானே கேட்டுக்கொள்கிறார். இதைச் சமன்பாடாக எழுதினால்:

மிச்சம் = தா − ஆ − கே

தா என்பது தாயின் சம்பளம், ஆ என்பது ஆயாம்மா, கே என்பது கேப். தந்தையைக் குறிக்கும் எழுத்து எங்கும் வராதது அச்சுப்பிழை அன்று. பிள்ளைக்குப் பெற்றோர் இருவர் என்பது உயிரியலின் முடிவு, ஊதியவியலில் ஒருவர்தான். 2019-இல் நடுவண் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டாரைக் கவனித்துக்கொள்ளும் பணியில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடமும் ஆண்கள் 76 நிமிடமும் செலவிட்டது தெரியவந்தது. அந்த 76-இல் எத்தனை நிமிடம் டயப்பர் மாற்றியதில் கழிந்தது, எத்தனை நிமிடம் மாற்ற ஆள் தேடியதில் கழிந்தது என்று பிரித்துத் தரவில்லை.

கழித்தல் விதியின் விளைவு விசித்திரமானது. ஒரே தளத்தில், ஒரே எடையுள்ள இரண்டு குழந்தைகள். ஒன்றின் தாய் வங்கி அதிகாரி, மற்றதன் தாய் பள்ளி ஆசிரியை. ஆசிரியை வீட்டு ஆயாம்மாவுக்குச் சம்பளம் குறைவு. பிள்ளை படுத்தும் பாடு குறைவதில்லை. ஆசிரியைக்கும் இதில் மனவருத்தம்தான். மற்றவர் பிள்ளைகள் நாற்பது பேரைப் பார்த்துக்கொள்ளும் அவருக்குப் பள்ளி தரும் தொகையும் ஏறக்குறைய இதே விதிப்படி வந்ததுதான்.

அப்படியானால் ஆயாம்மாவின் உண்மையான மதிப்பு எங்கே தெரியும்? அவர் வராத நாளில் தெரியும். காலை ஏழே காலுக்கு போன் வருகிறது: "மேடம், பையனுக்கு ஜொரம், இன்னைக்கு வரல." தாய் அன்று சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் இழப்பு 55,000-இல் முப்பதில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 1,833 ரூபாய். ஆயாம்மா மாதம் 15,000 வாங்குபவர், 26 நாள் வேலை என்றால் அவருடைய ஒரு நாள் 577. ஆக, வந்தால் 577, வராவிட்டால் 1,833. நியாயமான கூலி இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பதை நிறுவிவிட்டோம். ஆனால் வராத அந்த நாளுக்கு வீட்டார் மாதக் கடைசியில் பிடிப்பது எவ்வளவு என்றால், மிகத் துல்லியமாக, 577. பைசா சுத்தம்.

அரசின் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். 2018-இல் தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்தபோது அது மணிக்கு 37 ரூபாயில் தொடங்கியது. நாளுக்குப் பத்து மணி நேரம், 26 நாள் என்று பெருக்கினால் 9,620 வரும். மாலில் காரை நிறுத்தக் கேட்கும் காசை இத்துடன் ஒப்பிட வேண்டாம் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். அந்த மாலில் காருக்கு யாரும் பால் புகட்டுவதில்லை, ஏப்பம் வரும்வரை முதுகைத் தட்டுவதுமில்லை.

பஸ் காசு என்று முன்பு தனித் தலைப்பு ஒன்று பேரத்தில் இருந்தது. 2021-இல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்ததும், வேலை கொடுக்கும் தரப்பு அந்தத் தலைப்பைச் சத்தமில்லாமல் மூடிவிட்டது. இலவச பஸ்ஸுக்காக நின்றால் எட்டரைக்கு வந்து சேர முடியாது. வந்த பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுக்க வேண்டும். இந்த இடைவெளியைச் சமாளிப்பது ஷேர் ஆட்டோ. அதற்கு இரு தரப்புமே காசு ஒதுக்கவில்லை.

மாலை ஆறரை மணி இன்னொரு சிக்கல். தாய் ஏழே காலுக்கு வந்தால் கூடுதல் பணம் தரலாமா? ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைக் காப்பகங்களில் நடந்த ஆய்வை கினீசி, ருஸ்திகினி என்போர் 2000-இல் வெளியிட்டார்கள். தாமதமாக வந்து பிள்ளையை அழைத்துப்போகும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் 10 ஷெக்கல் அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரட்டிப்பானது. காசு கொடுத்தாகிவிட்டதே என்ற நிம்மதியில் மனச்சாட்சி படுத்துவிட்டது. அபராதத்தை நீக்கிய பிறகும் அது எழுந்திருக்கவில்லை. நம் ஊர்த் தாய்மார்கள் இதை ஆய்வின்றியே அறிந்தவர்கள். தாமதமானால் பணம் தருவதில்லை. "சாரிக்கா, சில்க் போர்டு மாதிரி டிராஃபிக்கு" என்று பெங்களூரைக் குற்றம் சொல்லிவிட்டு, மத்தியானம் மீந்த வத்தக்குழம்பை டப்பாவில் போட்டுக் கையில் கொடுக்கிறார்கள். டப்பா மறுநாள் கழுவித் திரும்பி வர வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம்.

இதுவரை கணக்கில் வராத பாட்டிகளை இப்போது உள்ளே அழைக்க வேண்டியிருக்கிறது. சந்தையில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றுப் பொருள் ஒன்று இருந்தால் விலை ஏறாது. "பேசாம எங்கம்மாவ ஊர்லேர்ந்து வரச் சொல்லிடறேன்" என்பது பேரத்தில் எப்போதும் கைவசம் இருக்கும் ஆயுதம். மூட்டுவலியோடு தஞ்சாவூரில் இருக்கும் அந்த அம்மா தனக்கே தெரியாமல் சென்னையின் ஆயாம்மா ஊதியத்தை இரண்டாயிரம் ரூபாய் இறக்கிக்கொண்டிருக்கிறார். பெரும்பாக்கத்திலும் ஒரு பாட்டி இருக்கிறார். ஜுரம் கண்ட பையனை மற்ற நாட்களில் பார்த்துக்கொள்பவர் அவர்தான்; அன்று அவருக்கும் ஜுரம்.

கடைசியாகச் சம்பள உயர்வு. மற்ற தொழில்களில் அனுபவம் கூடக் கூடச் சம்பளம் கூடும். இங்கே வேலையை நன்றாகச் செய்தால் பிள்ளை நன்றாக வளரும். நன்றாக வளர்ந்த பிள்ளை மூன்றரை வயதில் எல்.கே.ஜி. போகும், போனதும் "மதியத்துக்கு மேல மட்டும் வந்தாப் போதும்க்கா" என்று சம்பளம் பாதியாகும். 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் வீடுகளுக்குப் பொருந்தியதில்லை. பொருந்தியிருந்தாலும் பயனில்லை, அதன்படி பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டுத் தொடர்ந்த பணி வேண்டியிருந்தது, பிள்ளைகளோ அதற்குள் பள்ளிக்கூடம் போய்விடுகின்றன. ஒரே வீட்டில் ஐந்தாண்டைத் தாண்ட ஆயாம்மாவுக்கு இருக்கும் வழி ஒன்றே ஒன்று. பாப்பாவுக்கு இரண்டு வயது நிரம்பும் சமயத்தில், தலை வாரிவிட்டுக்கொண்டே, "பாப்பாக்கு வெளாட ஒரு தம்பி வேணாமா மேடம்?" என்று அவர் கேட்பதைப் பாசம் என்றே இதுவரை எல்லாரும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். இரண்டாவது பிள்ளைக்கும் 26 வாரம் உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. மூன்றாவதுக்கு 12 வாரம்தான். அதைப் பற்றி அவர் பேச்செடுப்பதே இல்லை.