துண்டு போட்டு இடம் பிடித்தல்: ஒரு முன்னோடி ஆய்வு

பேருந்து நிலையத்துக்குள் வண்டி திரும்புகிறது. இன்னும் நிற்கவில்லை, இறங்குகிறவர்கள் படிக்கட்டுக்கு வந்து சேரவுமில்லை. அதற்குள் பத்துப் பதினைந்து பேர் வண்டியோடு ஓடி, சன்னலுக்குச் சன்னல் கையை உயர்த்தி, தோளில் கிடந்ததை உள்ளே எறிகிறார்கள். தீபாவளிக்கு முதல்நாள் இரவு மதுரை மாட்டுத்தாவணியிலோ விழுப்புரத்திலோ நின்று இதைப் பார்த்தவர்களுக்கு, ஒரு பெரிய அறிவுத்துறை கேட்பாரற்றுக் கிடப்பது விளங்கும். நிலவுக்குக் கலம் அனுப்பிய நாடு இது. ஓடும் வண்டியின் மூன்றாவது சன்னல் வழியாக எறிந்த துண்டு, இருவர் இருக்கையின் நட்டநடுவில் விரிந்து விழும் வித்தைக்கு மட்டும் ஒரு பாடநூல் கிடையாது. அக்குறையைப் போக்க முற்படும் இக்கட்டுரை, இத்துறைக்குத் ‘துண்டியல்’ எனப் பெயர் சூட்டுகிறது. பெயரில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தத்தம் துண்டோடு வரலாம்.

கருதுகோள் எளியது. ஓர் இருக்கையில் ஆள் இருந்தால் நாம் பேச்சுக் கொடுக்கிறோம். “கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே” என்று சொல்லி, மூவர் இருக்கையில் நான்காவதாக ஒட்டிக்கொள்கிறோம். அதே இருக்கையில் ஆளில்லாமல் வெறும் துண்டு கிடந்தால், இடுப்பில் குழந்தையும் கையில் மூட்டையுமாக நிற்பவர்கூட ஒரு முறை பார்த்துவிட்டுப் பின்னால் போய்விடுகிறார். ஆளிடம் இரக்கம் கேட்கலாம். துண்டிடம் என்ன கேட்பது? ஆகவே, உட்கார்ந்திருக்கும் ஆளைவிட, வராத ஆளின் துண்டுக்கு அதிகாரம் அதிகம். இது துண்டியலின் முதல் விதி. இந்திய அரசியலில் பாதி இந்த ஒரு விதிக்குள் அடங்கும் என்பது இக்கட்டுரையின் துணிபு. மறுபாதியை வேறு யாராவது ஆராயட்டும்.

இரண்டாம் விதி அழுக்கைப் பற்றியது. சலவை செய்து மடித்த துண்டை எடுத்து மேல்தட்டில் வைத்துவிட்டு உட்காரும் துணிச்சல்காரர்கள் உண்டு. நாலு நாள் வேர்வையை வாங்கிய துண்டைத் தொட இன்னும் ஒருவர் பிறக்கவில்லை. துண்டின் தூய்மை கூடக் கூட அதன் உரிமை குறைகிறது. பொதுவாழ்வில் இதற்கு எடுத்துக்காட்டு தேடிப் போக வேண்டியதில்லை.

துண்டு இல்லாதவர்கள் பயன்படுத்தும் மாற்றுப் பொருட்களையும் ஆய்வு கவனித்தது. கைக்குட்டை வலுவற்றது, காற்றுக்குப் பறந்துவிடும். செய்தித்தாள் அதைவிட மோசம். அடுத்து ஏறுகிறவர் அதை எடுத்துப் பிரித்துப் படித்தபடியே அதன் இடத்தில் உட்கார்ந்துவிடுவார், கேட்டால், “பேப்பர் உங்களுதா சார்?” என்று பேப்பரைத் தருவார், இடத்தைத் தரமாட்டார். தண்ணீர் பாட்டில் முதல் வளைவிலேயே உருண்டு ஓட்டுநர் காலடிக்குப் போய்விடுகிறது. இருப்பதிலேயே வலிமையானது குழந்தை. சன்னல் வழியே உள்ளே இறக்கிவிடலாம். யாராவது பக்கத்தில் வந்தால் தானே அழும்.

குடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வற்றிப்போய், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த நாட்களில், சென்னைத் தெருக்களில் மனிதர்களைவிடக் குடங்களே அதிக நேரம் வரிசையில் நின்றன. லாரி வரும் நேரம் யாருக்கும் தெரியாது. மஞ்சள் குடம், பச்சைக் குடம், அடியில் பெயின்ட்டால் பெயரெழுதிய குடம் என்று அவை நிற்க, உரிமைக்காரர்கள் வேலைக்குப் போய்வந்தார்கள். குடத்தை ஒருவர் முன்னுக்குத் தள்ளினால் தெருவே கூடிவிடும். இந்நாட்டில் வரிசை என்பதே கிடையாது என்று எழுதும் பயணக் கட்டுரையாளர்கள் குடங்களை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

துண்டின் சட்டநிலை என்ன? 1963ஆம் ஆண்டின் கால வரம்புச் சட்டப்படி, தனியார் நிலத்தை உரிமையாளருக்கு எதிராக 12 ஆண்டுகள் இடையறாது அனுபவித்து வந்தவர் மேல் உரிமையாளர் பிறகு வழக்குப் போட முடியாது. அரசு நிலம் என்றால் 30 ஆண்டுகள். பேருந்தை அரசுச் சொத்து என்று கொண்டால், சன்னலோர இருக்கை ஒன்று நமக்குச் சொந்தமாக அதில் துண்டு 30 ஆண்டுகள் கிடக்க வேண்டும். சில வழித்தடங்களில் வண்டி கிளம்ப ஆகும் நேரத்தைப் பார்த்தால் இது எட்டாத இலக்காகத் தெரியவில்லை.

இது தமிழனின் தனிப் பண்பு என்று பெருமைகொள்ள வழியில்லை. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மக்கள் அவையில் உறுப்பினர்கள் 650 பேர். உட்கார இடம் 427 பேருக்குத்தான். முக்கியமான நாட்களில் வெள்ளைக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? பிரார்த்தனை அட்டை என்று ஒன்றை இருக்கையில் வைத்து இடம் பிடிக்கிறார்கள். அட்டை செல்ல வேண்டுமானால், அவை தொடங்கும்போது நடக்கும் பிரார்த்தனைக்கு அட்டைக்காரர் நேரில் வந்து நிற்க வேண்டும். நம் துண்டுக்கு அப்படிப்பட்ட நிபந்தனை எதுவும் இல்லை. நாம் எவ்வளவு முன்னேறியிருக்கிறோம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

வரலாற்றுக்கு வருவோம். பதிவுபெற்ற முதல் துண்டு ஒரு செருப்பு. ராமனின் பாதுகைகளைக் கேட்டு வாங்கிவந்த பரதன், அவற்றை அரியணையில் வைத்து, தான் நந்திக்கிராமத்தில் இருந்துகொண்டு 14 ஆண்டுகள் ஆட்சியை நடத்தினான். உரியவர் திரும்பி வந்தார். இடம் அப்படியே இருந்தது. இடையில் யாரும் பாதுகையை எடுத்து மேலே வைக்கவில்லை. இடம்பிடிப்பு கடைசிவரை பிழையின்றி நிறைவேறியதற்குச் சான்றாக அந்த ஒன்றைத்தான் ஆய்வாளரால் காட்ட முடிகிறது. அது நடந்தது திரேதா யுகத்தில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இருக்கைக்கு வருமுன் துண்டு தோளுக்கு வந்தாக வேண்டும். அது எல்லாத் தோளுக்கும் எளிதாக வந்துவிடவில்லை. ஊர்ப் பெரியவர் எதிரே வந்தால் தோள்துண்டைச் சட்டென எடுத்து இடுப்பில் கட்டவோ கக்கத்தில் இடுக்கவோ வேண்டிய நிலை, ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலம் இருந்தது. கலைஞர்களும் தப்பவில்லை. நாதசுவர வித்துவான் சிவக்கொழுந்து, செட்டிநாட்டுக் கல்யாண ஊர்வலம் ஒன்றில், வழியும் வேர்வையைத் துடைத்துக்கொள்ளத் தோளில் துண்டோடு வாசித்து வந்தார். துண்டை எடுத்தால்தான் வாசிக்கலாம் என்றது கூட்டத்தில் ஒரு பகுதி. பட்டுக்கோட்டை அழகிரிசாமி குறுக்கே வந்து, எடுக்கவே கூடாது என்று நின்றார். சுயமரியாதை இயக்கத்தார் மேடைதோறும் திரும்பத் திரும்பச் சொன்ன நிகழ்ச்சி இது. நாலு முழத் துணிக்கு ஓர் இயக்கமே வரிந்துகட்டிக்கொண்டு நின்ற மண்ணில், பிறகு அரசியலே தோளில் ஏறி உட்கார்ந்ததில் வியப்பில்லை. கருணாநிதிக்கு மஞ்சள், வைகோவுக்குக் கறுப்பு, விவசாயச் சங்கங்களுக்குப் பச்சை என்று நிறம் பார்த்தே தூரத்திலிருந்து ஆளைச் சொல்லிவிடலாம். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் கட்சி மாறுவதற்குச் சடங்கே அதுதான்: தலைவர் கண்டுவா எனும் கட்சித் துண்டை எடுத்துக் கழுத்தில் போடுவார், புகைப்படம் எடுப்பார்கள், கொள்கை மாறிவிட்டது என்று பொருள்.

நிறம் இடத்தைக் காப்பாற்றுமா என்பது வேறு கேள்வி. 2018 மே 17 அன்று எடியூரப்பா பச்சைத் துண்டணிந்து, விவசாயிகளின் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கர்நாடக முதல்வராகப் பதவியேற்றார். மே 19 அன்று, பெரும்பான்மை சேராததால், வாக்கெடுப்புக்கு முன்பே பதவி விலகினார். மாட்டுத்தாவணியில் இதைவிட நீண்டநேரம் தாக்குப்பிடித்த துண்டுகள் உண்டு.

இனி ஆய்வின் மையச் சிக்கல். இதுவரை பார்த்த துண்டுகளுக்கெல்லாம் கால் கிடையாது. அரசியலில் துண்டாகப் போடப்படுவது பெரும்பாலும் ஆள். ஆளைப் போட்டு இடம் பிடிப்பதில் உள்ள ஆபத்து யாதெனில், துண்டுக்கே உட்கார ஆசை வந்துவிடலாம்.

2014 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பொறுப்பேற்று நிதிஷ் குமார் பீகார் முதல்வர் பதவியைவிட்டு விலகியபோது, ஜீதன் ராம் மாஞ்சியைப் போட்டுவிட்டுப் போனார். ஒன்பது மாதத்தில் வந்து எழுந்திருக்கச் சொன்னபோது மாஞ்சி எழுந்திருக்கவில்லை. 2015 பிப்ரவரியில் நம்பிக்கை வாக்கெடுப்பு வரை போய்த்தான் விலகினார். தனிக் கட்சி தொடங்கினார். இன்று ஒன்றிய அமைச்சர். ஜார்க்கண்டில் 2024 ஜனவரி இறுதியில் ஹேமந்த் சோரன் கைதாக, பிப்ரவரியில் சம்பாய் சோரன் முதல்வரானார். ஜூன் இறுதியில் ஹேமந்த் ஜாமீனில் வந்ததும், ஜூலையில் இடத்தைக் கொடுத்தார், ஆகஸ்டில் பா.ஜ.க.வுக்குப் போய்விட்டார். இடத்தை விட்டுக்கொடுத்த துண்டு அதே தோளுக்குத் திரும்பும் என்ற உறுதி இல்லை. இந்தத் தலைவலியே வேண்டாம் என்று 1997இல் மனைவி ராப்ரி தேவியை முதல்வராக்கிய லாலு பிரசாத், துண்டியலின் நடைமுறை அறிவில் இவர்களுக்கெல்லாம் மூத்தவர்.

டெல்லியில் 2024 செப்டம்பரில் பாதுகையே திரும்பி வந்தது. முதல்வர் பொறுப்பேற்ற ஆதிஷி, அரவிந்த் கேஜ்ரிவாலின் நாற்காலியைக் காலியாக விட்டு, பக்கத்தில் வேறொரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, பரதனையே உவமை காட்டிப் பேசினார். நாற்காலி பத்திரமாகத்தான் இருந்தது. 2025 பிப்ரவரியில் தேர்தல் வந்து, 70 தொகுதியில் 48ஐ பா.ஜ.க. பிடித்தது; புதுடெல்லித் தொகுதியில் கேஜ்ரிவாலே தோற்றார். நாற்காலிக்குக் காவல் இருந்தவர்கள் வண்டியை விட்டுவிட்டார்கள்.

தமிழ்நாட்டை இந்த வரிசையில் கடைசியாக வைத்ததற்குக் காரணம், இங்கே சான்றுகள் அதிகம். ஜெயலலிதாவுக்காக ஓ. பன்னீர்செல்வம் 2001இலும் 2014இலும் இடம் பிடித்தார்; இரு முறையும் உரியவர் வந்ததும் சத்தமில்லாமல் எழுந்தார். அந்த நாட்களில் அம்மாவின் நாற்காலியில் அவர் உட்காரவுமில்லை. துண்டு இலக்கணத்துக்கு இவ்வளவு கட்டுப்பட்டவர் நாட்டில் வேறு யாருமில்லை என்றிருந்த நேரத்தில் மூன்றாம் முறை வந்தது. ஜெயலலிதா மறைந்தார், இம்முறை இடம் கேட்டவர் சசிகலா. 2017 பிப்ரவரி 5 அன்று பன்னீர்செல்வம் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். 7ஆம் தேதி இரவு மெரினா நினைவிடத்தில் கண்மூடி அமர்ந்துவிட்டு எழுந்து, தன்னைக் கட்டாயப்படுத்தி எழுப்பியதாகச் சொன்னார். ஒரு துண்டு வாய்திறந்து பேசியது.

இதற்குப் பின் நடந்ததைத்தான் துண்டியல் மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். 14ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சசிகலா சிறை செல்ல வேண்டும் என்றானது. போகிற போக்கில் அவர் இன்னொரு துண்டைப் போட்டுவிட்டுப் பெங்களூரு போனார். எடப்பாடி பழனிசாமி 16ஆம் தேதி பதவியேற்றார். பேசாமல் இருந்தார், தியானத்துக்கும் போகவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் கூடிய பொதுக்குழு சசிகலாவையே கட்சிப் பொறுப்பிலிருந்து நீக்கியது. அடுத்த தேர்தல் வரை, 2021 மே வரை, எடப்பாடி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். போட்டவர் 2021 தொடக்கத்தில் விடுதலையாகி வந்தபோது, வண்டி பல ஊர் தாண்டியிருந்தது. கத்திப் பேசும் துண்டைச் சமாளித்துவிடலாம், வாய் திறக்காத துண்டிடம்தான் எச்சரிக்கை தேவை என்பது மூன்றாம் விதி.

இதுவரை சொன்னதில் ஒரு பெருங்குறை உண்டு. துண்டு ஆண்களுடையது. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகிறார்கள்; ஏறுகிற கூட்டத்தில் அவர்களே மிகுதி. அவர்கள் சன்னல் வழியே எறிவது சாப்பாட்டுப் பையோ கைப்பையோதான். களத்தில் கண்ட வேறுபாடு தெளிவானது. ஆணின் துண்டைச் சுற்றிக்கொண்டு போகிற அதே மனிதர், பையைப் பார்த்ததும் கையில் எடுக்கிறார். “இது யாரு பை? இந்தாம்மா, புடி” என்று நிற்கிறவரிடமே கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறார். பையைப் பத்திரமாக ஒப்படைத்த நிறைவும் அவர் முகத்தில் தெரிகிறது.

பையைவிட உறுதியான ஒன்றுக்காகப் பெண்கள் நாடாளுமன்றத்தை நாடினார்கள். மக்களவையிலும் சட்டப் பேரவைகளிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்ற மசோதா முதலில் 1996இல் தேவ கவுடா ஆட்சியில் வந்தது. 2010இல் மாநிலங்களவை வரை போய்த் தேங்கியது. 2023 செப்டம்பரில் 106ஆவது அரசமைப்புத் திருத்தமாக இரு அவைகளிலும் நிறைவேறியது. மேசையைத் தட்டினார்கள், இனிப்பு வழங்கினார்கள். ஏறக்குறைய எல்லாக் கட்சியும் சேர்ந்து போட்ட துண்டு. ஆனால் அதற்கொரு புறப்படும் நேரம் குறித்திருந்தார்கள்: சட்டம் நடைமுறைக்கு வந்தபின் முதலில் எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கின் முடிவு வெளியாக வேண்டும், அதன்படி தொகுதிகளை மறுவரையறை செய்ய வேண்டும், பிறகே இடஒதுக்கீடு. சட்டம் நிறைவேறிய அந்த நாளில், 2021இல் முடிந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பே தொடங்கியிருக்கவில்லை.

2019 தேர்தலில் மக்களவைக்குப் போன பெண்கள் 78 பேர். சட்டம் வந்தபின் நடந்த 2024 தேர்தலில் 74 பேர். துண்டு போட்ட பிறகு இடம் குறைந்துபோனதாக ஆய்வாளர் கையில் உள்ள குறிப்புகளில் இது ஒன்றுதான் பதிவாகியிருக்கிறது. எந்த விதியின் கீழ் சேர்ப்பது என்று தெரியாததால், தனி இயலாகவே விடப்படுகிறது.