ஈத்தூண்டில் இலக்கணம்: தங்காக் படலம்

பொய் ஈயை முள்ளில் கட்டிவிட்டால் ஈத்தூண்டில் ஆகிவிடுமா? மலேசியாவின் தங்காக் ஆற்றங்கரையில் பல ஞாயிற்றுக்கிழமைகள் நின்று, மீன் எதுவும் குறுக்கிடாததால் கிடைத்த ஓய்வில் இதை ஆராய்ந்தேன்.

சாதாரணத் தூண்டிலில் எடை நுனியில் இருக்கிறது. ஈயக்குண்டு பறக்க, நரம்பு அதன் பின்னால் ஓடுகிறது. ஈத்தூண்டிலில் எடை கயிற்றில். தடித்த கயிறு சாட்டைபோல விரிந்து, எடையற்ற பொய் ஈயைத் தண்ணீரில் கொண்டுபோய் வைக்கும். சுருங்கச் சொன்னால், ஈயம் பறந்தால் அது ஈத்தூண்டில் இல்லை.

இதோடு சண்டை ஓய்ந்ததா? 1886இல் நூல் எழுதிய இங்கிலாந்துக்காரர் ஹால்ஃபோர்டின் கூட்டத்துக்கு, ஈ மிதந்தே ஆகவேண்டும். 1910இல் இன்னொரு தூண்டில்காரர் ஸ்கூஸ் வந்து, மூழ்கினாலும் ஈ ஈதான் என்றார். இருவரும் மலேசியாவைப் பார்க்கவில்லை. நம் கெலா மீன் ஆற்றில் விழும் செம்பனைப் பழத்தைத் தின்று பழகியது. ஆகவே இங்கே செம்பனைப் பழம்போலப் பஞ்சு உருண்டை கட்டி, அதையும் ஈ என்றே வீசுகிறோம். பிழை என்பவர் கவனிக்க: 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்ட தோட்டத்தின் பெயர் தென்னமரம். பெயருக்கும் பொருளுக்கும் அன்றைக்கே மணமுறிவு.

இனி கருவி. செபாரா, தோமான் மீன்களுக்கு எட்டாம் எண் கோலும் கயிறும் போதும். எட்டாம் எண் என்றால், கயிற்றின் முதல் 30 அடி 210 குன்றிமணி எடை என்று எழுத ஆசைதான். உண்மையில் 210 கிரெயின், ஏறக்குறைய 13.6 கிராம். குளிர்நாட்டுக் கயிறு நம் வெயிலில் தொய்ந்து பிசுபிசுக்கும். வெப்பநாட்டுக் கயிறு என்று கேட்டு வாங்க வேண்டும். தோமானுக்குப் பல் உண்டு, நுனி நரம்பு தடிமனாக இருக்கட்டும். ஒன்பது அடிக் கோலைப் பின்னால் வீச இடமில்லாத புதரோரங்களில், கயிற்றைத் தண்ணீரிலேயே உருட்டி எறியும் வித்தை பழகாதவன் மரங்களுக்குத்தான் இரை வைப்பான்.

கட்டும் நூலுக்குத் தங்காக்கைவிடத் தோதான ஊர் ஏது? துணிக்கடைகளுக்கே பெயர்போன ஊர். தீபாவளிக் கூட்டத்தில் புகுந்து, அரக்குச் சிவப்பில் ஒரு நூல்கண்டு கேட்டேன். எதற்கு என்றாள் கடைப்பெண். சொன்னேன்.

“என்ன அங்கிள், மீனுக்குச் சேலையா?”

இந்த ஆய்வுக்குக் கிடைத்த ஒரே மதிப்புரை அது.

கடைசியாக, யாரும் தொடாத சான்று ஒன்று. கேட்டுப் பெறும் சொற்களைத் தொல்காப்பியர் மூன்றாகப் பிரிக்கிறார்: தாழ்ந்தவன் ‘ஈ’ என்பான், ஒத்தவன் ‘தா’ என்பான், உயர்ந்தவன் ‘கொடு’ என்பான். வலைக்காரன் ஆற்றிடம் கொடு என்கிறான். மண்புழுக்காரன் புழுவைக் கொடுத்து மீனை வாங்குகிறவன், தா என்கிறான். பஞ்சையும் இறகையும் நீட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, ‘ஈ’ என்று இரப்பவன் நான் ஒருவன்தான். பெயர்க்காரணம் இதுவே என்று முடிவு செய்கிறேன்.

என் ஈக்களில் நான்கு இப்போது கரையோர மரக்கிளைகளில் தொங்குகின்றன. கண்டெடுப்பவர்கள் முள்ளை வைத்துக்கொள்ளலாம். அரக்குச் சிவப்பு நூலை மட்டும் எனக்கு ஈயவும்.