ஐம்பத்தெட்டில் டர்போ

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இவரைத் தெரியாமல் இருக்காது. டிப்ளமோ மெக்கானிக்கல். வயது ஐம்பத்தெட்டு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ பிறந்த 1998-ஐ ஒட்டி, தகரப் பெட்டியோடு இங்கே பஸ் இறங்கியவர். வேலை கார் கம்பெனியில் இல்லை. கார் கம்பெனிக்குச் சாமான் சப்ளை செய்கிற வென்டர் கம்பெனியில். இந்த இனத்தில் சீட்காரர் உண்டு, வயரிங்காரர் உண்டு, சைலன்சர்காரர் உண்டு. நாம் பார்க்கப்போகிறவர் ரப்பர் பீடிங். கார் கதவைச் சுற்றி ஓடுமே, மழைத் தண்ணீரையும் காற்றுச் சத்தத்தையும் தடுக்க, அதுதான். ஊரில் சொந்தக்காரர்கள் "கார் தயாரிக்கிறார்" என்று சொல்லிக்கொண்டார்கள். அவரும் மறுத்ததில்லை.

கார் தயாரித்தவர் ஓய்வு பெறும்வரை வேலைக்குப் போய்வந்தது கம்பெனி பஸ்ஸில்.

ஆசை இல்லாமல் இல்லை. பாலிடெக்னிக் படிக்கும்போதே சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் ரேஸ் பார்க்கப் போய், வெயிலில் நின்று காது அடைத்துத் திரும்பியவர். பிறகு ரேஸ் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. அவரும் பின்னாலேயே வந்து சேர்ந்தார், ரப்பர் பீடிங்குக்காக என்றாலும். 1999-இல் மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஐகான் வந்தபோது ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு ஸ்பிளெண்டர் வாங்கினார். திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர் செய்த காலத்தில் மனையின் மாதத் தவணை ஓடிக்கொண்டிருந்தது. 2007-இல் மகிந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ. கார்களை அசெம்பிள் செய்ய ஆரம்பித்தார்கள். அந்த வருஷம் பெண்ணுக்குப் பள்ளிக்கூட நன்கொடை. 2021-இல் ஃபோர்டு இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்த அன்று சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டில் அசிடிட்டி என்று நினைத்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு செகண்ட் ஹேண்ட் சான்ட்ரோ வந்ததும் உண்டு. ஆனால் அது குடும்பத்தின் கார், அவருடையது இல்லை.

இப்போது பி.எஃப். பணம் வந்துவிட்டது. பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்தது, மனை வீடாகிவிட்டது. ஒரு நாள் காலை காபி குடித்துக்கொண்டே, "ஒரு செடான் எடுக்கலாம்னு இருக்கேன், டர்போ" என்றார். வீட்டம்மா டர்போவை மிக்ஸி என்று நினைத்திருக்க வேண்டும். "பழசே நல்லாத்தானேங்க அரைக்குது" என்றார்.

ஊரே எதிர்த்தது. எல்லோரும் உயரமான வண்டி வாங்குகிற காலத்தில் தரையோடு தரையாக ஒரு செடானா? மாப்பிள்ளை மரியாதையாகச் சொன்னார்: "மாமா, உங்க முழங்காலுக்கு எஸ்.யூ.வி.தான் சரி. நின்னபடியே உள்ள போயிடலாம்." எதிர்வீட்டு ஸ்டோர்ஸ் மேனேஜர் ஸ்பீடு பிரேக்கர் வாரியாகப் பயமுறுத்தினார். நம்மவர் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தார்: "சென்டர் ஆஃப் கிராவிட்டி." இதைக் கேட்டதும் பேசிக்கொண்டிருப்பவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவது வழக்கம்.

தேர்வு செய்வதுதான் இந்த இனத்தின் பொற்காலம். வாங்குவது ஒரு நாள் வேலை. தேர்வு மாதக்கணக்கில் நடக்கும். புனே பக்கத்துச் சாகனிலிருந்து வரும் ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா இரண்டிலும் பெரிய எஞ்சின் 150 பி.எஸ். இருங்காட்டுக்கோட்டை வெர்னா டர்போவில் 160. அந்தப் பத்து பி.எஸ்.ஸை வைத்துக்கொண்டு அவர் நடத்திய வாதங்களைச் சட்டசபையில் கூடக் கேட்டிருக்க முடியாது. உண்மையில் முடிவை எடுத்தது பி.எஸ். இல்லை. வெர்னா பிறந்த கேட்டைத் தாண்டித்தான் அவருடைய பஸ் தினமும் போயிருக்கிறது. வேறு ஊர்க் காரை எடுத்துக்கொண்டு அந்த கேட்டைத் தாண்டிப் போக அவருக்கு மனசு வராது. இதை மட்டும் அவர் யாரிடமும் வாதமாக வைக்கவில்லை.

ஷோரூமில் இருபத்துநாலு வயதுப் பையன் டை கட்டிக்கொண்டு வந்தான்.

"வாங்க சார். பையனுக்குப் பார்க்கிறீங்களா?"

"எனக்குத்தான் தம்பி."

பையன் சுதாரித்துக்கொண்டு 160 பி.எஸ்., 253 நியூட்டன் மீட்டர், ஏழு கியர், நூறைத் தொட 8.1 விநாடி என்று ஒப்பித்தான். நம்மவர் கேட்கவில்லை. கதவைத் திறந்தார், சாத்தினார். மறுபடி திறந்து, காதை வைத்துக்கொண்டு சாத்தினார். பிறகு குனிந்து கதவோரத்தில் விரலை ஓட்டிக்கொண்டே போய் மேல் மூலையில் நின்றார். "இ.பி.டி.எம். ரப்பர். கார்னர் மோல்டிங் பாருங்க தம்பி, ஜாயின்ட்டே தெரியல." பையன் சிவப்பு பிரேக் காலிப்பரைக் காட்டினான். அவர் டிக்கியைத் திறந்து அங்கேயும் ரப்பரைத் தடவினார். டெஸ்ட் டிரைவில் பையன் "மிதிங்க சார், மிதிங்க" என்று கெஞ்சினான். நாற்பதில் போனால்தான் காற்று எங்கே நுழைகிறது என்று கேட்கும் என்று சொல்லிவிட்டார்.

விலைதான் அவரைக் கொஞ்சம் உலுக்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. நீளம் நாலு மீட்டரைத் தாண்டினாலோ பெட்ரோல் எஞ்சின் 1200 சிசியைத் தாண்டினாலோ 40. நம்மவர் ஆசைப்பட்டது இரண்டையும் தாண்டிய வண்டி. அதற்கு மேல் பத்திலிருந்து இருபது லட்சம்வரை விலையுள்ள காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 18 சதவீதம். ஆன்ரோடு விலையைத் துண்டுச்சீட்டில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டம்மாவிடம் எக்ஸ் ஷோரூம் விலையைத்தான் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன பொய் இது ஒன்றுதான் என்று அவர் சொல்கிறார்.

ஆடியில் தள்ளுபடி உண்டு, ஆனால் ஆடியில் வண்டி எடுக்கக் கூடாது. ஆயுத பூஜைக்கு எடுக்கலாம், ஆனால் தள்ளுபடி சொற்பம். இந்தச் சிக்கலில் அவருக்கு இரண்டு மாதம் இன்பமாகக் கழிந்தது. வண்ணத்தில் சிக்கலே இல்லை. சிவப்பு வேண்டும் என்று இருபது வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கையில் வாங்கியதும் வெள்ளை என்று எழுதினார். ரீசேல் வேல்யூ. இந்த மனிதர் இந்த வண்டியை எந்தக் காலத்திலும் விற்கப்போவதில்லை.

டெலிவரி அன்று கேக், மாலை, அட்டையில் செய்த ஆளுயரச் சாவி, எல்லாம் நடந்தன. ஆதிகேசவப் பெருமாள் கோயில் வாசலில் பூஜை போட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினார்கள். அதோடு சரி. அந்த எஞ்சின் 1500 சுற்றைத் தாண்டினால்தான் முழு இழுவையைக் காட்டும். அதற்குள் இவர் கால் பிரேக்குக்குப் போய்விடும். முன்னால் கன்டெய்னர் டிரெய்லர், பின்னால் ஷிப்ட் பஸ், ஓரத்தில் டீக்கடைக்கு ஓடும் ஹெல்மெட்காரர். அவர் மட்டும் என்ன செய்வார்? சீட் பாலிதீன் கவர் இன்னும் பிரிக்கப்படவில்லை. இறங்கும்போது கதவு மேல்விளிம்பைப் பிடித்து, "முருகா" என்று எழுந்து, அப்படியே நின்று ரப்பரை ஒருதரம் தடவிவிட்டுத்தான் பூட்டுவார். இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாகப் போய்விடுவார். அந்த டர்போ இதுவரை ரேஸ் டிராக்குக்கு மிக அருகில் போனது அதன் பார்க்கிங்வரை.

வீட்டம்மாவுக்கு மட்டும் வண்டி பிடித்துவிட்டது. "சத்தமே இல்லீங்க, தூக்கம் நல்லா வருது" என்றார். இதைவிடப் பெரிய பாராட்டு அந்த ரப்பருக்குக் கிடைத்திருக்காது என்று நம்மவர் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் என்றாவது ஒரு வெள்ளை டர்போ உங்கள் முன்னால் நாற்பதில் போகும். ஹாரன் அடிக்காதீர்கள், அவருக்குக் கேட்காது. கண்ணாடி ஏற்றியிருக்கும், பீடிங் அவ்வளவு தரம். வலது பக்கம் தாராளமாக ஏறிப் போங்கள்.