பெங்குயின் வம்சமும் கெப்பாலா பத்தாஸ் டப்பாவும்

1991-ல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், பொழுதுபோக்குக்கு ஒன்று எழுதுகிறேன், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்று அறிவித்துவிட்டு லினக்ஸ் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் கருவை, அவிழ்த்துவிட்டார். வெறும் கெர்னலை வைத்துக்கொண்டு ஒரு லீவ் லெட்டர்கூட டைப் அடிக்க முடியாது. மற்ற மென்பொருள்களையும் சேர்த்து மூட்டை கட்ட ஆள் வேண்டும். மூட்டை கட்டியவர்கள் எல்லாம் ஆளுக்கொரு முடி சூடிக்கொண்டார்கள். அந்த மூட்டைதான் டிஸ்ட்ரோ.

1993-ல் பேட்ரிக் வோல்கர்டிங் ஸ்லாக்வேரோடு வந்தார்; இன்னும் அரியணையை விட்டு இறங்கவில்லை. அதே ஆண்டு இயன் மர்டாக், காதலி டெப்ராவின் பெயரைத் தன் பெயரோடு ஒட்டி டெபியன் என்று வைத்தார். நம் பையன்கள் காம்பஸால் பள்ளிக்கூட மேசையில் செதுக்கியதை, அவர் உலகத்து சர்வர்களில் செதுக்கினார். மார்க் யூவிங்குக்குத் தாத்தா கொடுத்த சிவப்புத் தொப்பி ரெட் ஹாட் ஆனது.

இந்தச் சாம்ராஜ்யங்கள் மலேசியாவில் எங்கள் ஊரான கெப்பாலா பத்தாஸுக்கு சிடியில்தான் வந்தன. வேறு வழியில்லை. இணையத்துக்குப் போக 1515-க்கு டயல் செய்து, மோடத்தின் கீச்சுக் குரலை முழுசாகக் கேட்டு முடித்து, 650 எம்பியை இறக்க உட்கார்ந்தால் ஒன்றரை நாள் ஆகும். நடுவில் அம்மா பெரியம்மாவுக்குப் போன் அடிக்க ரிசீவரை எடுத்தால் வம்சமே பூண்டோடு அழியும்.

சிடி கிடைத்துவிட்டால் மட்டும் பட்டாபிஷேகமா? இன்ஸ்டாலர் ஒரு கேள்வி கேட்கும்: உங்கள் மானிட்டரின் கிடைமட்ட அலைவரிசை என்ன? கட்டிய மனைவியின் பிறந்த நாளே தடுமாறுகிற மனிதரிடம் இதைக் கேட்கலாமா? மானிட்டரைத் திருப்பி, டார்ச் அடித்து, தூசியைத் துடைத்து, பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தேட வேண்டும். தப்பாகக் கொடுத்தால் மானிட்டர் போய்விடும் என்று கையேடு வேறு மிரட்டும். அதைத் தாண்டினால் மோடம். பாதி வேலையை விண்டோஸ் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிப் பிறந்த சோம்பேறி ஜாதி அது. லினக்ஸைக் கண்டதும் ஊமையாகிவிடும். மோடத்தைப் பேசவைக்க டிரைவர் வேண்டும். டிரைவர் இணையத்தில் இருக்கிறது. இணையத்துக்குப் போக மோடம் வேண்டும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், பினாங்குத் தீவில், 1972 முதல் இன்டெல் சிப்பைப் பொருத்திச் சோதித்து அனுப்புகிறது. அங்கிருந்து கிளம்பிய சிப் உலகத்தைச் சுற்றிவிட்டு, யாரோ தேய்த்துத் துவைத்த பென்டியமாகப் படகேறி நம்மிடம் வரும். உள்ளே 128 எம்பி ராம். அப்படிப்பட்ட டப்பாவை வைத்துக்கொண்டுதான் ரெட் ஹாட்டா மாண்ட்ரேக்கா என்று சாப்பாட்டுக் கடையில் சண்டை போட்டோம்.

மாண்ட்ரேக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 1998-ல் பிரான்ஸில் கேல் துவால் என்பவர், முதல்தடவை போடுகிறவனும் அழாமல் போடும்படி ஒரு டிஸ்ட்ரோ செய்தார். பெயர் மாண்ட்ரேக். தமிழ் காமிக்ஸ் படித்து வளர்ந்தவனுக்கு அந்தப் பெயரே போதும்; மந்திரவாதி மாண்ட்ரேக்கின் தோழன் லொதார் பின்னால் நிற்கிறான் என்ற தைரியம் வந்துவிடும். 2003 ஜனவரியில் கம்பெனி கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றப் படி ஏறியது. அதிலிருந்து எழுந்து உட்காருவதற்குள், காமிக்ஸ் உரிமைக்காரர்களான ஹர்ஸ்ட் கம்பெனி, எங்கள் மந்திரவாதியின் பெயரை எப்படி வைக்கலாம் என்று போட்ட வழக்கில் ஜெயித்தது. பிரேசிலின் கொனெக்டிவாவையும் சேர்த்துக்கொண்டு 2005-ல் மாண்ட்ரிவா என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். கையை அசைத்தே துப்பாக்கியை வாழைப்பழமாக்குகிற ஆளின் பெயரைச் சுமந்தும், ஒரு வக்கீல் நோட்டீசை ஒன்றும் செய்ய முடியவில்லை.

ரெட் ஹாட் பக்தர்கள் சிரித்தார்கள். ரொம்ப நாள் இல்லை. 2003-ல் 9-ஆம் பதிப்போடு இலவசக் கடையை மூடிவிட்டு, இனி நீங்கள் ஃபெடோரா வீட்டுப் பிள்ளைகள் என்று தத்துக் கொடுத்துவிட்டார்கள்.

2004-ல் மலேசிய அரசாங்கம், அரசு அலுவலகங்களுக்கான திறமூலப் பெருந்திட்டத்தை வெளியிட்டது. அப்போது பிரதமர் துன் அப்துல்லா அகமட் படாவி, கெப்பாலா பத்தாஸ் தொகுதிக்காரர். எங்கள் எம்பி நாட்டையே ஆண்டார். எங்கள் டப்பாவின் எம்பி மட்டும் 128-ஐத் தாண்டவில்லை.

அதே 2004 அக்டோபரில், சொந்தக் காசில் விண்வெளிக்குப் போய்வந்த தென்னாப்பிரிக்கர் மார்க் ஷட்டில்வொர்த், உபுண்டுவை இறக்கினார். கேட்டவருக்கெல்லாம் சிடியைத் தபாலில், ஸ்டாம்புச் செலவும் தானே போட்டு, அனுப்பினார். ஓசி என்றதும் ஆளுக்குப் பத்து கேட்டோம். முதல் பதிப்புக்கென்று செய்த வால்பேப்பர்களில் ஆணும் பெண்ணும் அரைகுறை ஆடையில் நின்றார்கள். சாமி மேடைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்திருந்த வீடுகளில் அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அந்த உபுண்டுவை 128 எம்பியில் ஏற்றி மெனுவைத் தட்டினால், எழுந்து போய் மைலோ கலக்கிக் குடித்துவிட்டு வரலாம். வேகம் வேண்டும் என்று ஜென்டூ போட்டவர்கள், எல்லாவற்றையும் வீட்டிலேயே கம்பைல் செய்து, வேகத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்தார்கள்.

டப்பாவுக்கு உண்மையில் ஏற்றவை சீந்துவாரில்லாமல் கிடந்தன. பெயரிலேயே வசையோடு பிறந்த டாம் ஸ்மால் லினக்ஸ் மொத்தமே 50 எம்பி. பப்பி லினக்ஸ் முழுசாக ராமில் ஏறி உட்கார்ந்து பறந்தது. நாய்க்குட்டி பெயரில் சிஸ்டம் வைத்திருக்கிறேன் என்று சாப்பாட்டுக் கடையில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது மறுபடியும் அதே பழைய டப்பாச் சந்தை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் காரியம் செய்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத லேப்டாப்பை விண்டோஸ் 11 வாசலிலேயே நிறுத்துகிறது. அந்த லேப்டாப்பில் 8 ஜிபி இருந்தால் எந்த மன்னருக்கும் கப்பம் கட்டலாம். 4 ஜிபி என்றால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ அல்லது லுபுண்டு. 2 ஜிபி என்றால் ஆன்டிஎக்ஸ். 32-பிட் கிழவர் என்றால் டெபியனின் புதிய 13-ஆம் பதிப்பு கை கழுவிவிட்டது, பழசைத் தேடுங்கள். பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பாருங்கள்: வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடியைச் சாத்தித் திறந்தால் உயிரோடு எழுகிறதா, தமிழ்99-ல் அடித்தால் எழுத்து வருகிறதா. ஆர்ச் லினக்ஸ் போட்டிருக்கும் தம்பியிடம் மட்டும் யோசனை கேட்காதீர்கள். தே தாரிக் ஆறிவிடும்.